பளிங்குத் தண்ணீர்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழியை எங்கள் கிணற்றை ஒட்டியே தோண்டியிருக்கிறார். கேட்டால், ‘தண்ணி பளிங்கு மாதிரிதானே இருக்கு?’ என்கிறார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, திருநின்றவூர்

பதில்: வில்லங்கமே அந்தப் பளிங்கில்தான்! கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது என்கிறது இந்தியத் தரவிதி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டோ, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தியாகும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி, இடைவெளி வேண்டும் என்பது ஐ.எஸ். 2470 தரவிதி. ‘அரை கிரவுண்டில் 60 அடிக்கு எங்கே போவது?’ என்பார். அதனால்தான் பிளான் அப்ரூவல் தரும்போதே பக்கத்து மனைக் கிணற்றையும் பார்க்க வேண்டும். பூசலார் மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் உங்களுடையது. அது பக்தி. விதியையும் மனதுக்குள்ளேயே கடைப்பிடித்தால் வயிற்றுப்போக்குதான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்து, அந்தத் தாளோடு நகராட்சியில் மனு கொடுங்கள்.

கேள்வி: ஆலைக் கழிவு கிணற்றைக் கெடுத்தால்?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: கெடுத்தவரே செலவைக் கட்ட வேண்டும். வேலூர் தோல் பதனிடும் ஆலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் தீர்ப்பு வந்து கிணறு சுத்தமாவதைவிட, லைசென்ஸ் கொடுக்குமுன் கழிவு எங்கே போகும் என்று கேட்பது மலிவு!