அடுப்படிக்கு ஒரு பட்ஜெட்

ஒரு வீட்டில் யார் சொல் எடுபடுகிறது என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு பட்ஜெட் போட உட்கார்ந்தால் போதும்.

எங்களுடையது சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. சமையலறை எட்டுக்குப் பத்து. நான் ஒதுக்கியது 3 லட்சம். “எது முக்கியம்னு முதல்ல எழுதிடுங்க சார், அதை வச்சுப் பட்ஜெட்டைப் பிரிச்சிடலாம்” என்றார் டிசைனர் பெண். நியாயமான யோசனை. எல்லோரும் எழுதினோம். மனைவி எழுதியது: சிம்னி, இழுப்பறைகள், வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை. அம்மா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது: கிரைண்டருக்கு நிரந்தர இடம், அரிவாள்மனை போட்டு உட்கார நாலடித் தரை. மகள் தன் பங்குக்கு, படம் எடுத்தால் பளிச்சென்று விழுகிற நிறம் என்று சேர்த்துக்கொண்டாள். என் பட்டியலில் ஒரே வரி: 3 லட்சம். அதை ஒரு முன்னுரிமையாக யாரும் மதிக்கவில்லை.

கேட்லாக் வந்தது. அதிலுள்ள சமையலறைகளில் எண்ணெய்த் தூக்கு இல்லை, கரித்துணி இல்லை, சிங்க்கில் ஊறுகிற பால் பாத்திரம் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். “எலுமிச்சை இருக்கு, ஊறுகாய் ஜாடி எங்க?” என்றார். டிசைனர் குறிப்பேட்டில் எதையோ எழுதி, அடித்துவிட்டார்.

வெள்ளைக் குவார்ட்ஸின் கதை ஒரே இரவில் முடிந்தது. மாதிரிக்குக் கொடுத்த துண்டின் மேல் அம்மா நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளை ஒரு சிட்டிகை தடவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் லேசான மஞ்சள் நிழல் அசையவில்லை. குவார்ட்ஸ் மேடை என்பது கல்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. சுடச்சுட இறக்கிய வாணலியையும் அதன்மேல் வைக்கக் கூடாதாம். “வாணலியை வைக்கக் கூடாதுன்னா அது எதுக்கு மேடை?” என்றார் அம்மா. கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டியெடுக்கிற கருப்புக் கிரானைட் போட்டியின்றித் தேர்வானது. சதுர அடிக்கு மிச்சமான பணத்தை நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தபோதே மனைவி அதைச் சிம்னிக்கு மாற்றிவிட்டாள்.

அடுத்தது இழுப்பறை. டிசைனர் ஒரு மாதிரியைத் தள்ளிக் காட்டினார். வேகமாகப் போன இழுப்பறை, மூடுவதற்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது ஒரு கணம் நின்று யோசித்து, பிறகு தானாக மெல்லப் போய் அடங்கியது. சத்தமே இல்லை. அம்மாவும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஏம்மா, இதை ஓங்கிச் சாத்தவே முடியாதா?” என்றார் அம்மா. “முடியாது ஆன்டி, அதான் இதோட ஸ்பெஷல்.” “அப்போ கோபம் வந்தா என்ன பண்றது?” அந்த விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. ஓங்கிச் சாத்துவதற்கென்றே இரண்டு அலமாரிக் கதவுகளுக்குச் சாதாரணக் கீல் போட முடிவாயிற்று. அதிலும் கொஞ்சம் மிச்சம்.

மேடையின் உயரம்தான் பெரிய பஞ்சாயத்து. வழக்கமான உயரம் 34 அங்குலம் என்றார் டிசைனர். அதன்மேல் அடுப்பு ஏறினால் இன்னும் நாலைந்து அங்குலம், அதன்மேல் குக்கர். மனைவி நல்ல உயரம். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. முக்காலி போட்டால்தான் சாம்பார் கொதிப்பது தெரியும். நான் என் படிப்பைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தேன். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் முன்னோடி, 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை. எத்தனை எட்டு நடக்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுச் செய்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய டப்பாக்களை வரிசையாக அடுக்கினார் என்றேன். “அஞ்சறைப்பெட்டியைப் பெருசா பண்ணியிருக்கா” என்றார் அம்மா. அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அந்தக் கட்டடக் கலைஞரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்தேன். அம்மா திரும்பி டிசைனரைப் பார்த்த பார்வையில், அடுப்பு வைக்கிற இடத்தை மட்டும் நாலு அங்குலம் இறக்கிக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கிரைண்டருக்கு எதிராக யாரும் வாய் திறக்கவில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஒரு அந்தஸ்து கிடையாது. அதற்கெனத் தனி மேடை, பக்கத்தில் குழாய், தனிப் பிளக் பாயின்ட். இந்தப் பாயின்ட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு பாயின்ட் கூடுதலாகப் போட ஆகும் செலவு கொஞ்சம்தான். ஒட்டிய பிறகு போட வேண்டுமென்றால் டைல்ஸும் உடையும், அதே டிசைன் கடையிலும் கிடைக்காது. சுவருக்குள் போகிற குழாயும் வயரும் விருந்தாளி கண்ணில் படாது என்பதால் அவற்றின் பணம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. சிங்க்குக்கு அடியில் இருக்கிற பலகைக்கும் அதே கதி. அங்கே மட்டுமாவது தண்ணீரைத் தாங்குகிற, ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளைவுட் வேண்டும் என்றேன். எம்.டி.எஃப். பலகை போட்டால் ஒரு மழைக்காலக் கசிவிலேயே ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பிவிடும். ஆச்சரியம், இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இதில் யாருக்கும் அக்கறை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கடைசியில் மதிப்பீடு வந்தது. 4 லட்சத்து 20 ஆயிரம். அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற எழுத்தில், ‘ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி’. எதிர்பாராத செலவுக்கென்று நான் ஒதுக்கியிருந்த பத்து சதவீதத்தை, பழைய டைல்ஸை உடைத்தபோது உள்ளே துருப்பிடித்து நின்ற தண்ணீர்க் குழாய் சாப்பிட்டுவிட்டது. “இது எதிர்பாராததா? பத்து வருஷமா சொட்டுதேங்க” என்றாள் மனைவி.

வேலை முடிந்ததும் பார்க்க வந்த உறவினர் யாரும் 710 முத்திரையைக் கேட்கவில்லை. சிம்னியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மொத்தம் எவ்வளவு ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்கள். சமையலறைப் பட்ஜெட்டில் போட்டது, ஆனது என்ற இரண்டு கணக்கோடு, சொல்வது என்று மூன்றாவதும் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு 7 லட்சம். கைமாற்றுக் கேட்கும் பழக்கமுள்ள மச்சானுக்கு ஒன்றரை. அம்மா, மனைவி, மகள், நான் எல்லோரும் ஒரு பைசா மாறாமல் ஒரே குரலில் சொல்கிற கணக்கு அது ஒன்றுதான்.