870 ஆடுகளும் ஒரு கழுத்தும்

கழுத்தின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பிக்கு தைராய்டு என்று பெயர் சூட்டியவர் தாமஸ் வார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர். வருஷம் 1656. பெயர் வைத்தவர் வேலையும் போட்டுக் கொடுத்தாக வேண்டுமே? யோசித்தார். கழுத்து வெறும் குழாயும் குருத்தெலும்புமாகத் துருத்திக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இராது. அதை மழமழவென்று திரட்டி அழகு கொடுக்கத்தான் ஆண்டவன் இதை வைத்திருக்கிறான், பெண்களுக்குச் சற்றுப் பெரிதாக இருப்பதும் அதனால்தான் என்று எழுதிவிட்டார். ஆக, தைராய்டுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அலங்காரத் துறையில்.

பிற்பாடு அமெரிக்காவில் பெஞ்சமின் ரஷ் வந்தார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட அதே டாக்டர் ரஷ்தான். பெண்களுக்கு மன எரிச்சல் உண்டாக்கும் விஷயங்கள் அதிகம், அவற்றிலிருந்து அவர்களைக் காக்கவே பெரிய தைராய்டு என்பது அவர் கட்சி. எரிச்சலை உண்டாக்குவது யார் என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை.

நிஜமாகவே அந்தச் சுரப்பி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கவனித்தவர் சர் வில்லியம் கல். விக்டோரியா மகாராணியின் வைத்தியர்களில் ஒருவர். 1873-ல் லண்டன் மருத்துவர்கள் கூட்டத்தில் எழுந்து, நடுவயதுப் பெண்கள் சிலரைப் பற்றிப் பேசினார். முகம் உப்புகிறது, நாக்கு தடிக்கிறது, குரல் கட்டுகிறது, குளிர் தாங்கவில்லை, பேச்சும் நடையும் மந்தம். கச்சிதமான வர்ணனை. காரணம்? தெரியாது. மருந்து? கிடையாது. ஐந்து வருஷம் கழித்து வில்லியம் ஆர்ட் என்பவர் அதற்கு ‘மிக்ஸிடீமா’ என்று வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்தார். நோயாளிக்கு அதனால் ஒரு லாபம்: என்ன வியாதி என்று கேட்பவர்களிடம் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது.

காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் அறுவை நிபுணர்கள். அதுவும் தெரியாத்தனமாக. ஆல்ப்ஸ் மலைத் தண்ணீரிலும் மண்ணிலும் அயோடின் குறைவு. ஊருக்கு ஊர் தைராய்டு வீங்கித் தொண்டையில் கழலை. பெர்ன் நகரத்து தியடோர் கோக்கர் அதை அறுத்தெடுப்பதில் மன்னன். ரத்தம் சிந்தாமல், நிதானமாக, ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் முழுசாக எடுப்பார். அதே காலத்தில் வியன்னாவின் பில்ரோத் பரபரவென்று அறுப்பவர். அங்கங்கே கொஞ்சம் விட்டுவைத்துவிடுவார். பில்ரோத்திடம் போனவர்களை அந்த மிச்சம் காப்பாற்றியது. கோக்கரின் சுத்தமான வேலைக்கு ஆளானவர்கள்தான் மந்தித்துப் போனார்கள். 1874-ல் பதினோரு வயதுப் பெண் ஒருத்தியின் சுரப்பியை எடுத்தார். சில வருஷம் கழித்துப் பார்த்தால் தங்கை நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறாள். அக்கா அதே உயரத்தில், உப்பிய முகத்துடன் நிற்கிறாள்.

கோக்கர் பழைய நோயாளிகளையெல்லாம் திரும்ப வரவழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் பெரும்பாலோர் அதே கதியில். ‘இனி முழுசாக எடுக்கவே மாட்டேன்’ என்று 1883-ல் பகிரங்கமாக அறிவித்தார். அதற்குள் ஜெனீவாவின் ரெவெர்தின், ‘இதை நான் போன வருஷமே சொன்னேனே’ என்று கிளம்பினார். யார் முதலில் நோயாளியைக் கெடுத்தது என்பதற்கும் மருத்துவத்தில் முன்னுரிமைச் சண்டை உண்டு. 1909-ல் தைராய்டு ஆராய்ச்சிக்காகக் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கல் சொன்னதும் கோக்கர் சொன்னதும் ஒரே வியாதிதான் என்று 1883-லேயே லண்டனில் ஒருவர் எழுந்து சொன்னார்: ஃபெலிக்ஸ் செமோன். தொண்டை வைத்தியர், அதிலும் ஜெர்மன்காரர். சபை சிரித்தது. சிரித்த பிறகு, கற்றறிந்தோர் வழக்கப்படி ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை விசாரித்து, ஐந்து வருஷம் கழித்து அறிக்கை கொடுத்தது: செமோன் சொன்னது சரி.

வியாதி தைராய்டு இல்லாமையால் வருகிறதா? அப்படியானால் தைராய்டைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? 1890-ல் லிஸ்பனில் இருவர் ஆட்டின் தைராய்டை ஒரு பெண்ணின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். மறுநாளே அவளுக்குத் தெம்பு வர ஆரம்பித்தது. புதிய ரத்தக் குழாய் முளைக்க ஒருநாள் போதாது. அப்படியென்றால் வேலை செய்தது சுரப்பியின் சாறு என்று புரிந்துகொண்டவர் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் மர்ரே. இருபதுகளில் இருந்த பையன். சாற்றை ஊசியில் ஏற்றலாம் என்றதும் பெரியவர் ஒருவர், அப்படியே தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தைக் கரைத்து ஊசி போடேன் என்று நக்கலடித்தார்.

மர்ரே அசரவில்லை. அப்போதுதான் வெட்டிய ஆட்டின் சுரப்பியை எடுத்து வந்து, நறுக்கி, கிளிசரினிலும் கார்பாலிக் அமிலத்திலும் ஊறப்போட்டு, கைக்குட்டையில் பிழிந்து வடிகட்டினார். இன்றைய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி யாராவது பார்த்திருந்தால் கைக்குட்டையைப் பறிமுதல் செய்திருப்பார். 1891 ஏப்ரலில் 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதை ஊசியில் போட்டார். சில மாதத்தில் வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, அந்தம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தார். 1919-ல், 74 வயதில்தான் காலமானார். அந்த 28 வருஷத்தில் அவர் எடுத்துக்கொண்ட சாறு ஒன்பது பைண்ட், அதாவது ஐந்து லிட்டர் சொச்சம். அதற்காகக் கழுத்தைக் கொடுத்த ஆடுகள் 870. கணக்கை எழுதி வைத்தவர் மர்ரேவேதான். ஆடுகள் தரப்பில் யாரும் எழுதவில்லை.

ஊசிக் குத்தல் எதற்கு என்று 1892-ல் பிளிமத் நகரத்து எட்வர்ட் ஃபாக்ஸ் சமையல் முறைக்குப் போனார். வாரத்துக்கு ஒருமுறை அரை ஆட்டுத் தைராய்டு, லேசாக வதக்கி, கரண்ட் பழ ஜெல்லி தொட்டுக்கொண்டு. வேலை செய்தது! அஜீரணமும் வாந்தியும் இல்லாமல் விழுங்க முடிந்தால் சாப்பாடே மருந்து. பிறகு உலர்த்திப் பொடித்த தைராய்டு மாத்திரைகள் வந்தன. உடம்பு இளைக்க வைக்கும் என்று தெரிந்ததும், வியாதி இல்லாத குண்டர்களும் அதை வாங்கி விழுங்கினார்கள். இளைத்தது கொஞ்சம், நெஞ்சு படபடத்தது நிறைய.

சாற்றுக்குள் இருக்கும் சரக்கைப் பிரித்தெடுத்தவர் மேயோ கிளினிக்கின் எட்வர்ட் கெண்டல். 1914 கிறிஸ்துமஸ் அன்று, ஊர் கேக் வெட்டிக்கொண்டிருக்க, இவர் படிகத்தை எடுத்தார். இந்த முறை பலியானவை பன்றிகள்: சுமார் மூன்று டன் சுரப்பிக்கு 33 கிராம் தைராக்ஸின். ஆனால் அதன் மூலக்கூறு அமைப்பைத் தப்பாகச் சொன்னார். 1926-ல் லண்டனில் சார்ல்ஸ் ஹாரிங்டன் சரியாகச் சொல்லி, மறு வருஷமே ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வகத்தில் செய்தும் காட்டினார். ஆடும் பன்றியும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் உலர்த்திய தைராய்டு மாத்திரைதான் பல பத்தாண்டு சந்தையை ஆண்டது. அதற்குத் தரக்கட்டுப்பாடு, மாத்திரையில் அயோடின் எவ்வளவு என்று பார்ப்பது மட்டும்.

மருந்து கிடைத்தாயிற்று. எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் கூத்து. நோயாளியைப் பட்டினியாகப் படுக்கவைத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயைச் சொருகி, எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறார் என்று அளந்தார்கள். ‘பதறாமல் படுங்கள்’ என்று வேறு சொல்வார்கள். பதறினால் அளவு எகிறிவிடும். குதிகால் தசைநாணைத் தட்டி, கால் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று அளந்தார்கள். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிய அயோடினை அளந்தார்கள். அயோடைடு கலந்த இருமல் மருந்து குடித்துவிட்டு வந்தவருக்கெல்லாம் தைராய்டு பொங்கி வழிவதாக ரிசல்ட் வந்தது.

சரியான அளவுகோல் கழுத்தில் இல்லை, மூளையின் அடியில் இருந்தது. பிட்யூட்டரி ஒரு மேஸ்திரி. தைராய்டு சோம்பினால் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை விட்டுச் சத்தம் போடும். வேலை நடந்தால் வாயை மூடிக்கொள்ளும். டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை அளக்க 1965-ல் ராபர்ட் அட்டிகர் ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். அதற்கு அடித்தளமான ரேடியோ இம்யூனோ அஸ்ஸே முறை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் தந்தது. மேஸ்திரிக்கே உத்தரவு போடும் ஹார்மோன் எது என்று தேடியவர்களில் ரோஜர் கில்லமின் ஒருவர். அவர் சேகரித்தது ஆட்டு மூளைத் துண்டுகள், ஐம்பது லட்சம்! கையில் தேறியது மில்லிகிராம் கணக்கில். 1977-ல் கில்லமின், அதே ஹார்மோனைத் தேடிய ஷாலி, யாலோ மூவருக்கும் நோபல். ஆடுகளுக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை.

டி.எஸ்.எச். எண் வந்ததும் அனுபவசாலி டாக்டர்கள் பலரின் மானம் கப்பலேறியது. முகத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்து அவர்கள் கொடுத்துவந்த அளவு, 200, 300 மைக்ரோகிராம் வரை, பலருக்கு மிகை. எண் சொன்னபடி குறைத்தார்கள். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது இன்றைய முழு அளவுக் கணக்கு. அழகு, எரிச்சல், கமிட்டி, கைக்குட்டை என்று முந்நூறு வருஷம் ஆண்கள் அபிப்பிராயம் சொன்ன விஷயத்தில், கடைசியில் ஒரு எண் எல்லோரையும் உட்கார வைத்தது.

நோயாளி மட்டும் இன்னும் உட்காரவில்லை. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனைக்கு அர்த்தம். நம்மவர் பத்தாம் நாளே லேப் வாசலில் நிற்பார். வெறும் வயிற்றில் மாத்திரை என்றால், அதை விழுங்குவதே காபியால்தான். காபி உறிஞ்சலைக் கெடுக்கும். பக்கத்திலேயே கால்சியம், இரும்பு மாத்திரை, அவையும் கெடுக்கும். இத்தனையும் தாண்டி ஒருநாள் ரிப்போர்ட்டில் எண் சரியாக வந்துவிட்டால், முதல் கேள்வி: “நார்மல் ஆயிடுச்சே டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாமா?” பெரும்பாலானோர் விஷயத்தில் நார்மல் ஆனது ரிப்போர்ட்தான் ஐயா, சுரப்பி இல்லை.