பந்து ஏன் வரவில்லை?

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் குட் மார்னிங் போடுகிறேன். ஒருவரும் கண்டுகொள்வதில்லை. நிஜமாகவே மனசு வலிக்கிறது. இது வியாதியா?

பதில்: குட் மார்னிங் போடுவதுதான் வியாதி என்பார்கள் உறவினர்கள். ஆனால் வலி நிஜம்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் எறிந்து விளையாடிய பிளாஸ்டிக் தட்டு அவரிடம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் கழற்றிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், இருந்தும் மனிதர் நொந்துபோனார். நாமாக இருந்தால் வீட்டில் எரிந்து விழுந்திருப்போம். அவர் அதையே ஆராய்ச்சியாக்கி, கம்ப்யூட்டரில் ஒரு பந்தாட்டம் உருவாக்கினார். முதலில் உங்களுக்கும் பந்து வரும். பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள்.

2003இல் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரின் குழு, ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இதை ஆடச் சொன்னது. உடல் வலியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி ஒன்று, பந்து வராதபோதும் விழித்துக்கொண்டது. (அது வேறு பல காரியங்களுக்கும் விழிக்கும் என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை உண்டு. ஸ்கேன் படம் ஜாதகம் இல்லை.)

வேடிக்கை என்னவென்றால், "எதிரே ஆடுவது வெறும் கம்ப்யூட்டர்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒதுக்கினாலும் வலிக்கிறதாம்!

தினமும் பாரசிட்டமால் விழுங்கியவர்களுக்கு மனக்காயம் குறைந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நீங்கள் மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள், கல்லீரல் கோபித்துக்கொள்ளும். நாளைக் காலை ரோஜாப்பூ படத்துக்குப் பதில், "சித்தி, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதிலுக்கு வரும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டு முடிக்க லீவு போட வேண்டியிருக்கும்.