மாமாவுக்கு ஒரு முத்தா குடு

கோடம்பாக்கத்தில் ஒரு சிறுமி வயதுக்கு வந்துவிட்டால் அது ஆற்காடு சாலைக்கே தெரியும். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு மேல் பிளெக்ஸ். பட்டுப்புடவை, ஒட்டியாணம், ராக்கொடி எல்லாம் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை சிரிக்கும். சுற்றிலும் வட்ட வட்டமாகத் தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், கட்சித் தலைவர், வட்டச் செயலாளர். உள்ளே செண்டை மேளம், டிரோன் கேமரா, சீர்வரிசைத் தட்டு, மொய் எழுதத் தனி மேஜை. ஒரு கர்ப்பப்பை வேலை செய்யத் தொடங்கியதற்காக ஊரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும். விஷயம் இன்னதென்று தெரியாத ஒரே ஆள், மேடையில் நகைக் கனத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண். ரத்தம் ஏன் வந்தது, மாதாமாதம் வருமா, வலித்தால் என்ன செய்வது என்று அவளிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "இனிமே பசங்களோட விளையாடாத" என்று ஒரு அத்தை சொன்னதோடு பாடம் முடிந்தது.

இதே மண்டபத்தில் சாம்பார் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டுகிற பெரியவர்தான், பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றால், "சின்னக் குழந்தைங்ககிட்டயா? நம்ம கலாசாரம் என்னத்துக்கு ஆவறது?" என்று இலையை மடிக்கிறார்.

அந்தக் கலாசாரம் எங்கே இருக்கிறதென்று தேட நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. கோடம்பாக்கம் நெடுஞ்சாலையிலேயே வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. 1976இல் திறந்தது, 1330 குறளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த 1330இல் காமத்துப்பால் 250. முழுக்க ஒப்பிக்கும் மாணவருக்குத் தமிழக அரசு பணப்பரிசு தருகிறது. எட்டு வயதுப் பிள்ளை மேடையேறி ஊடலையும் கூடலையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அப்பா செல்போனில் படம் பிடிப்பார். தலைவர் பொன்னாடை போர்த்துவார். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, ஒண்ணுக்குப் போற இடத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்டால் மட்டும் முதுகில் ஒன்று விழும்.

கோடம்பாக்கம் என்றதும் சினிமா இல்லாமல் எப்படி? டிவி நடனப் போட்டிகளில் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கவர்ச்சி நடிகையின் உடையைத் தைத்துப் போட்டு, அதே இடுப்பசைவை ஆடவைத்து, நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பார்க்கச் சகிக்காமல், குழந்தைகளை ஆபாசமாக ஆடவிடாதீர்கள் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டிவந்தது. அந்த மேடைக்குக் குழந்தையைக் கூட்டி வந்தவர்கள் வேற்றுக்கிரகவாசிகளா? பெற்ற தாய் தகப்பன்மார்தான். இடுப்பை ஆட்டத் தெரிந்த குழந்தைக்கு அந்த இடுப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் வயது பத்தவில்லையாம்.

2025 ஆகஸ்டில் 'கூலி' படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெட்டுக்குத்து பார்க்க முடியவில்லையே என்று ஊர் துடித்தது. சான்றிதழை மாற்றித் தரச் சொல்லித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது, மனு தள்ளுபடியானது. பாடப்புத்தகத்தில் உடம்பைப் பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி இந்தத் தெருக்களில் யாராவது இப்படித் துடித்திருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பேசியவர்களை என்ன செய்தோம் என்பதும் மறந்துபோகவில்லை. 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றியும் அதில் எச்சரிக்கையாக இருப்பது பற்றியும் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் சில வரி சொன்னார். துடைப்பமும் செருப்பும் வீதிக்கு வந்தன. ஊர் ஊராக இருபதுக்கு மேற்பட்ட வழக்கு. உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளி முடிக்க 2010 ஆகிவிட்டது. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம், பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை நடத்தியபோது ஊரே பார்த்தது. பார்த்ததாக ஒரு வீடும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து, ஐம்பது வயதுக்காரர்கள் ஆறாம் வகுப்புப் பாடம் படித்தார்கள். படித்ததையாவது மறுநாள் காலை பிள்ளைக்குச் சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை.

வீட்டுக்குள் வருவோம். உடம்பைப் பற்றி நாம் குழந்தைக்கு ஒன்றுமே சொல்லித்தருவதில்லை என்பது அபாண்டம். தருகிறோம். குளித்துவிட்டு ஜட்டியில்லாமல் கூடத்துக்கு ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக் குடும்பமே கைதட்டி "ஷேம் ஷேம், பப்பி ஷேம்" பாடுகிறதே, அது முதல் பாடம்: உனக்குக் கீழே இருப்பது அவமானம். அவமானத்தைப் பற்றி யாரிடம் போய் எதைச் சொல்வது? இரண்டாம் பாடம் விருந்தாளி வரும் நாளில். சோபாவில் ஒரு மாமா. குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. "வா, மாமாவுக்கு ஒரு முத்தா குடு." வராது. "அய்யே, என்ன இப்படி மானத்தை வாங்கற? மாமா உனக்கு சாக்லெட் வாங்கிட்டு வந்திருக்காரு பாரு." குழந்தை திமிறுகிறது. கையைப் பிடித்து இழுத்து மாமாவின் மடியில் உட்காரவைத்தாகிவிட்டது. மாமா சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், காபி வருகிறது.

அந்த மாமா நல்லவராகவே இருக்கட்டும். பத்தில் ஒன்பது மாமாக்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை கற்றதைக் கணக்குப் போடுங்கள். நான் வேண்டாம் என்றால் அது செல்லாது. பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சாக்லெட். மறுத்தால் அம்மாவுக்கு மானம் போகும். ஒரு குற்றவாளி ஆறு மாதம் பாடுபட்டுக் குழந்தையைப் பழக்க வேண்டியதை, நம் வீட்டுக் கூடத்திலேயே காபியோடு இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டோம். அவனுக்கு மிச்சம் வேலை ஒன்றுதான்: "அம்மாகிட்ட சொல்லாத." அதையும் நாமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறோம், வேறு வார்த்தைகளில்.

வெள்ளை வேன், முகமூடி, மிட்டாய்க்காரன் என்று தெருவில் தேடுகிறவர்களுக்கு: மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்ட 12,447 குழந்தைகளில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் போலீசில் பதிவாகும் வன்கொடுமை வழக்குகளில் தெரிந்தவர்களின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அச்சடிக்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் சீண்டலைத் தடுக்கப் பாடுபடும் துளிர் அமைப்பு சென்னையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளே கூடுதலாகச் சொன்னார்கள். "பொம்பளப் புள்ளயா, பயப்பட" என்று மகனை எவர் வீட்டிலும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

அந்த 2007 ஆய்வு வந்த பிறகு நாடாளுமன்றம் என்ன சொன்னது? வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் அறிக்கை தந்தது. நம் சமூக, கலாசாரப் பண்புக்குப் பாலியல் கல்வி ஒத்துவராது. பள்ளியில் அதற்கு இடமில்லை. வளரிளம் பருவத்து உடல் மாற்றம், எய்ட்ஸ் பாடங்களையெல்லாம் பிளஸ் டூ உயிரியலுக்குத் தள்ளுங்கள். அதாவது கணக்குப் பிரிவு எடுத்த பிள்ளைக்கு உடம்பு கிடையாது. யுனெஸ்கோ ஐந்து வயதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. நெதர்லாந்தில் நான்கு வயதிலேயே தொடங்குகிறார்கள். சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை என்பதையும் யுனெஸ்கோ எழுதிவைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில், குழந்தை ஆபாசப் படம் பார்ப்பது குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தபோது, முறையான பாலியல் கல்வி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. யார் கேட்டது?

ஐந்து வயதில் என்னத்தைச் சொல்லித்தருவார்கள் என்று பயப்படுகிறீர்களோ, அது இவ்வளவுதான். கை, கால், மூக்கு மாதிரி மற்ற உறுப்புக்கும் பெயர் உண்டு. குளிக்கவைக்கிறவர், வைத்தியம் பார்க்கிறவர் தவிர யாரும் அங்கே தொடக் கூடாது. டாக்டரானாலும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தாத்தாவிடம்கூட வேண்டாம் சொல்லலாம். ரகசியம் வைக்கச் சொல்பவரைப் பற்றி உடனே வந்து சொல். ஒருவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல். இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? தாத்தாவிடம் வேண்டாம் சொல்லலாம் என்பதுதான் உறுத்துகிறது. அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

பள்ளிக்கூடங்களின் கதை வேறு ரகம். 2021 மே மாதம் கே.கே. நகரின் புகழ்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர்மீது, பழைய மாணவிகள் சமூக வலைத்தளத்தில் பேசத் தொடங்கிய பிறகு புகார்கள் குவிந்தன. அசோக் நகர் மகளிர் போலீசார் போக்சோவில் கைது செய்தார்கள். ஒரே வாரத்தில் அது சாதிச் சண்டையாகி, கட்சிச் சண்டையாகி, ஆளுநர்வரை போனது. பேசிய பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க டிவி விவாதங்களில் நேரமில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் கடைசியில், அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளரைக் கூப்பிட்டு, முற்பிறவிப் பாவம் என்றால் என்னவென்று மாணவிகளுக்கு விளக்கவைத்தார்கள். குறையோடு பிறப்பது போன பிறவிக் கணக்கு என்று அவர் பள்ளி மேடையில் பேசியதை எதிர்த்துப் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் கேள்வி கேட்டார். போன பிறவி உடம்பைப் பற்றிப் பேச நம் பள்ளியில் மைக் கிடைக்கிறது. இந்தப் பிறவி உடம்புக்குத்தான் அனுமதி இல்லை.

2018இல் அயனாவரம் அடுக்ககத்தில் 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்கில் சீரழித்ததாக 17 பேர் கைதானார்கள். லிப்ட் ஆபரேட்டர், காவலாளி, பிளம்பர்; தினமும் வணக்கம் சொன்ன முகங்கள். நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்கள் அவர்களை அடித்தார்கள், ஊர் கைதட்டியது. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்கள் பட்டது போதும். நம்மைத்தான் கேட்கிறேன். நாம் கேமரா மாட்டினோம், காவலாளியிடம் ஆதார் வாங்கினோம், தூக்கில் போடு என்று பதிவு போட்டோம். நம் குழந்தையை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினோமா? தூக்குக்கயிறு கேட்பது சுலபம். மகள் கேட்கும் கேள்விக்கு முகம் சிவக்காமல் பதில் சொல்வதுதான் நமக்குத் தூக்காக இருக்கிறது.

கடைசியாக நீதிமன்றம். 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் குடையக் கூடாது, கேள்வியை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்கிறது. நீதிபதி எவ்வளவு பரிவாகக் கேட்டாலும், எங்கே தொட்டார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் குழந்தைக்கு ஒரு பெயர் வேண்டும். நாம் கொடுத்தது 'ஷேம் ஷேம்'. அதை வைத்துக்கொண்டு சாட்சி சொல்லச் சொல்கிறோம்.

மானம் பெரிதென்று நினைக்கும் பெரியோர்களுக்கு அதே சட்டத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 19ஆம் பிரிவின்படி, நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். "வெளிய தெரிஞ்சா அசிங்கம், விடு" என்று மூடி மறைத்த அப்பா, பாட்டி, பெரியப்பா எவருக்கும் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தார் என்றால் ஓராண்டு வரை.