மொரார்ஜி சொன்னதும் முதல்வர் சொன்னதும்

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் ஒரு தப்புக் காரியம் செய்தார். மனத்தில் இருந்ததை அப்படியே வெளியே சொல்லிவிட்டார். புதுச்சேரி மாதிரிச் சின்னப் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்பது அவர் கருத்து. தேர்தல் வரும், ஓட்டு வேண்டும், கொஞ்சம் மழுப்பிவைப்போம் என்ற யோசனையெல்லாம் அந்த மனிதருக்குக் கிடையாது. புதுச்சேரி பற்றிக்கொண்டது. கடையடைப்பு, ஊர்வலம், கல்வீச்சு என்று போய்த் துப்பாக்கிச் சூட்டில் நின்றது.

எங்கள் ஊர் காட்டேரிக்குப்பத்துக்கு இதெல்லாம் டீக்கடை ரேடியோ வழியாக வந்து சேர்ந்தது. நான் அப்போது அரை டிராயர் பையன். எங்கள் பெரியப்பா ஒருவர் பெஞ்சில் குந்திக்கொண்டு, "பாண்டி, காரைக்காலை மெட்ராஸுக்கு, மாஹேயைக் கேரளாவுக்கு, ஏனாமை ஆந்திராவுக்குப் பிச்சிக் குடுக்கப் போறானுவளாம்டா" என்று பாகப்பிரிவினைப் பத்திரம் வாசிப்பது போலச் சொன்னார். அதுவரை மாஹே எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு அது உடன்பிறந்தான் வீடாகிவிட்டது.

பெரியவர்களின் கவலைக்குச் சொல்லப்படாத காரணம் இன்னொன்றும் இருந்தது. எங்களுடையது மண்ணாடிப்பட்டு கொம்யூனின் ஓரத்து ஊர். கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு. அங்கே மதுவிலக்கு, இங்கே சாராயக்கடை. பொழுது சாயும்போது அந்தப் பக்கத்து ஆட்கள் வரப்பு மேல் வரிசையாக வருவார்கள். திரும்பும்போது வரப்பு அவர்களுக்குப் போதாது. இணைப்பு வந்தால் மதுவிலக்கும் கூடவே வந்துவிடும் என்ற பயத்தை யாரும் மேடையில் பேசவில்லை. மேடையில் தனித்தன்மை, பிரெஞ்சுப் பண்பாடு என்று பேசினார்கள்.

மொரார்ஜி சொன்னதை அன்று ஊர் முழுக்க நம்பியது. நம்பியதால்தான் கொதித்தது. 1977இல் 14 இடம் பிடித்த அ.தி.மு.க., இணைப்புப் பேச்சோடு பெயர் ஒட்டிக்கொண்ட பாவத்துக்கு, 1980 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூட வாங்கவில்லை. உண்மை பேசினால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரித் தலைவர்கள் அதற்குப் பிறகு மறந்ததே இல்லை.

இனி 2021 பிப்ரவரி 17. ராகுல் காந்தி புதுச்சேரி சோலை நகருக்கு வந்து மீனவர்களோடு பேசுகிறார். மூன்று மாதத்துக்கு முன்தான் நிவர் புயல் கரை கடந்திருந்தது. ஒரு மூதாட்டி எழுந்து, புயல் வந்தபோது யாருமே எட்டிப் பார்க்கவில்லை என்கிறார். பக்கத்தில் நிற்கும் முதல்வர் நாராயணசாமியையும் சேர்த்துத்தான் சொல்கிறார். தமிழ் தெரியாத ராகுல், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். முதல்வர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. புயல் சமயத்தில் தாம் வந்து பார்த்ததையும் நிவாரணம் கொடுத்ததையும் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிடுகிறார். ராகுல் தலையாட்டிக்கொள்கிறார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கள் ஊர் கைபேசிகளையெல்லாம் சுற்றிவிட்டது. எதிர்வீட்டு அத்தை பேரனின் போனில் மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "பாவம்யா அந்தம்மா, வயித்தெரிச்சலக் கொட்டுச்சி. அத்தனையும் அவுரு கணக்குல வரவா எழுதிக்கிட்டாரே" என்று சிரித்தார். யாருக்கும் கோபமில்லை. தாம் நிஜமாகவே போய்ப் பார்த்ததாக நாராயணசாமி பிறகு விளக்கம் கொடுத்தார். போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மா அதைச் சொல்லவில்லையே!

அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை. மீனவர்களுக்கு டெல்லியில் ஓர் அமைச்சகம் இல்லையே என்று அதே பயணத்தில் ராகுல் அங்கலாய்த்தார். மீன்வளத்துக்கும் கால்நடைக்கும் பால்வளத்துக்கும் சேர்த்து 2019இலேயே ஓர் அமைச்சகம் வந்துவிட்டது. 2021 பிப்ரவரிக் கடைசியில் அமித் ஷா காரைக்காலுக்கு வந்து, புதுச்சேரிக்கு மோடி அனுப்பிய 15,000 கோடியில் காந்தி குடும்பத்துக்குப் பங்கு போனது என்றார். நிரூபியுங்கள், இல்லையென்றால் மன்னிப்புக் கேளுங்கள் என்றார் நாராயணசாமி. எங்கள் டீக்கடையிலோ 15,000 கோடிக்கு எத்தனை சைபர் என்பதில்தான் தகராறு.

நாராயணசாமியின் அரசு பிப்ரவரி 22இல் கவிழ்ந்தது. வீடியோவினால் இல்லை. எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்ததால் கவிழ்ந்தது.

1979இல் ரேடியோவில் காதால் கேட்டதற்குக் கல்லெடுத்தோம். இன்று கண்ணால் பார்த்ததற்குச் சிரிப்புப் பொம்மை போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறோம். ஆதாரம் கையிலேயே இருப்பதால் கோபம் தேவைப்படாமல் போய்விட்டதோ என்னவோ. மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றத்தில் எத்தனை தீர்மானம் போட்டாயிற்று! எங்கள் பக்கத்து லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையைத் திறப்போம் என்று எத்தனை பேர் சொல்லியாயிற்று! கரும்பு போட்டவர்கள் அந்தப் பேச்சைக் கோயில் கூழ் ஊற்றும் தேதி மாதிரிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை வரும், போகும்.

ஆனால் ரேஷன் கடை விஷயத்தில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அரிசிக்குப் பதில் பணம் என்று சொல்லிக் கடைகளைப் பூட்டிவிட்டார்கள். சிவப்பு அட்டையானாலும் மஞ்சள் அட்டையானாலும் வங்கியில் வந்து விழுந்த பணம் வேறு செலவுக்குப் போனது. பானைக்கு அரிசி வரவில்லை. திறப்போம், திறப்போம் என்றார்கள். எதிர்வீட்டு அத்தை இந்தப் பேச்சுக்கு ஒருமுறைகூடச் சிரித்து நான் பார்க்கவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றவர் மண்ணாடிப்பட்டு எம்.எல்.ஏ.வும் உள்துறை அமைச்சருமான நமச்சிவாயம். காங்கிரஸின் வைத்திலிங்கத்திடம் 1,36,000 வாக்குக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். பூட்டிய ரேஷன் கடையும் ஒரு காரணம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தோல்வி ஜூன் மாதம். அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், கடைகளைத் திறந்துவிட்டார்கள்.