நர்ஸைக் கட்டிப்போட்டு ஆரம்பித்த வைத்தியம்

துடிக்கிற இதயத்தில் கை வைத்தால் ஆள் காலி என்பது அந்தக் கால சர்ஜன்களின் வேதவாக்கு. 1925-ல் லண்டனில் ஹென்றி சௌட்டர் அதைச் சட்டை செய்யாமல், இதயத்தின் இடதுபக்கக் கதவான மைட்ரல் வால்வு சுருங்கிப்போன ஓர் இளம்பெண்ணின் இதயத்துக்குள் விரலை விட்டு வழி உண்டாக்கினார். பெண் பிழைத்தாள். சக டாக்டர்கள் மெச்சினார்களா? அதற்கப்புறம் அந்த ஆபரேஷனுக்கென்று ஒரு நோயாளியைக்கூட அவரிடம் அனுப்பவில்லை.

நாலு வருஷம் கழித்து ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊர் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்றொரு இளம் டாக்டர். கை ரத்தக்குழாய் வழியாக டியூபை விட்டால் இதயத்துக்கே போய்விடலாமே என்றார். பெரிய டாக்டர் கூடாது என்றுவிட்டார். கத்தி, டியூப் எல்லாம் நர்ஸ் கெர்டா டிட்ஸன் பொறுப்பில். அந்தம்மா, "என்மேலேயே செய்யுங்கள்" என்று துணிந்து வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டினார். அப்புறம் நைசாகத் தன் கையையே கீறி, சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய டியூபை உள்ளே தள்ளிவிட்டார். தொங்குகிற டியூபோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், 65 சென்டிமீட்டர் வரை செலுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். கைமேல் பலனாகக் கிடைத்தது வசவு. 1956-ல் நோபல் பரிசு வந்தபோது மனிதர் சிறுநீரக டாக்டராகப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார். டியூபுக்கு ஏற்ற தொழில்தான்.

பிற்பாடு, சௌட்டர் விரல் விட்ட அதே மைட்ரல் வால்வை மாற்றுவதைவிட ரிப்பேர் செய்வதே மேல் என்று அடம்பிடித்தவர் பாரிஸின் அலென் கார்ப்பாந்தியே. தளர்ந்த வால்வின் வாயைச் சுற்றி ஒரு வளையத்தைத் தைத்து, அதன் இதழ்களை ஒன்றோடொன்று சேரவைத்தார். 1983-ல் அமெரிக்க சர்ஜன்கள் சபையிலேயே நின்று இதற்கு 'பிரெஞ்சுத் திருத்தம்' என்று பெயர் சூட்டினார். அடக்கம் அப்படி. வேலை என்னவோ அசல். ஆனால் சிலருக்கு வருஷங்கள் கழித்து வால்வு மறுபடி ஒழுகும். அதற்குள் ஆளுக்கும் வயசாகியிருக்கும். மறுபடி நெஞ்சைப் பிளப்பதென்றால் சர்ஜனே யோசிப்பார்.

இங்கேதான் கசாப்புக் கடை வருகிறது. 1989-ல் டென்மார்க் டாக்டர் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் அமெரிக்காவில், ரத்தக்குழாயை விரித்துவைக்கும் கம்பிக்கூண்டான ஸ்டென்ட் பற்றி ஒரு பேச்சைக் கேட்டார். அதே கம்பிக்கூண்டில் வால்வையும் வைத்தால் என்ன? ஊருக்குத் திரும்பியவர் கடையில் கம்பி வாங்கினார், கசாப்புக்காரரிடம் பன்றி இதயம் வாங்கினார். வால்வை வெட்டியெடுத்துக் கம்பிக்குள் தைத்து, பலூனில் சுருக்கி, உயிருள்ள பன்றிக்குள் செலுத்தி விரித்தார். வேலை செய்தது. மருத்துவ இதழ்கள் கட்டுரையைத் திருப்பியனுப்பின, 1992-ல்தான் அச்சேறியது. 2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே மனிதருக்கே இப்படி, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வை வைத்துக் காட்டினார்.

ரிப்பேர் செய்து மறுபடி ஒழுகும் மைட்ரல் வால்வுக்குள் இப்படிப் புது வால்வு வைப்பது அவ்வளவு சுலபமில்லை. தொடை ரத்தக்குழாயில் ஏறி, இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து இடதுபக்கம் போக வேண்டும். இதயத்தை வேண்டுமென்றே படுவேகமாகத் துடிக்கவிட்டு, அது ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிற சில நொடிகளில் பலூனை ஊத வேண்டும். புது வால்வு பிடித்து நிற்க என்ன இருக்கிறது? அந்தப் பழைய பிரெஞ்சு வளையம்தான்! "கத்தியே வேண்டாம்" என்று மார்தட்டுகிற, கதீட்டர் என்கிற டியூபை விடும் ஆட்கள் சர்ஜன் போட்ட தையலில்தான் காலூன்றுகிறார்கள். இதிலும் வில்லங்கம் உண்டு. வளையம் பல சமயம் 'டி' எழுத்து வடிவம், புது வால்வோ வட்டம், இடுக்கில் கசியலாம். ஓரங்கட்டப்பட்ட பழைய முன் இதழ், ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கலாம். அதற்காக மின்சாரம் பாயும் கம்பியால் அந்த இதழை முன்கூட்டியே கிழிக்கும் வித்தையும் வந்துவிட்டது.

வளையத்தின் மாடலும் அளவும் தெரியாமல் டாக்டர் திட்டமிடவே முடியாது. அதனால் மைட்ரல் ரிப்பேர் செய்துகொண்டவர்களே, அந்த விவரங்களோடு ஆஸ்பத்திரி கொடுத்த சின்ன அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.