தரகர் பாதி, பீரோ பாதி

கேள்வி: பிரான்சில் இருக்கும் அண்ணன் பெயரில் காரைக்காலில் பழைய வீடு ஒன்று இருக்கிறது. விற்பதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. தரகரிடம் விட்டுவிட்டால் நிம்மதி கிடைக்குமா?
- ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: பாதி நிம்மதி கிடைக்கும். வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுவது, "இன்னும் ரெண்டு லட்சம் குறைங்க" என்பவரிடம் முகம் கோணாமல் பேசுவது எல்லாம் நல்ல தரகர் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதி உங்கள் பீரோவில் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் முதலில் மொழிபெயர்த்து வையுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீதும் தயாராக இருக்கட்டும். அண்ணன் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பட்டும். அது இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்குபவர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தரவேண்டும். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிட்டால் பதிவு நாளன்று சண்டை வராது. கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தரகருக்கு நகல் போதும். அசல் பத்திரம் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது.